பழைய வண்டி இரண்டு



பிற மாநிலங்களில் வாழும் நம்மவரில் பலர், கையில் சிறிது பொருள் சேர்ந்ததும் மோட்டார் வண்டி வாங்க விரும்புகின்றனர். புதியதற்குப் பணம் போதாதபோது பழையதை நாடுகின்றனர். அச்சந்தையில் எதிரெதிர்த் துருவங்களாக நிற்கும் இரு வண்டிகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று, மகிந்திரா பொலேரோ பிக்கப் போன்ற சிறு சரக்கு வண்டி. மற்றொன்று, ஆடி டி.டி. போன்ற ஸ்போர்ட்ஸ் கார்.

டில்லியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்கு அனுப்பும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருக்கு வேண்டியது பிக்கப். கல்லூரியில் படிக்கும் மகனுக்கோ காரின் மேல் கண். பல்லாண்டுச் சேமிப்பு, இரண்டில் ஒன்றைத்தான் வாங்க இயலும். எதை வாங்குவது?

புதிதாக இருந்தபோது ஏறிட்டுப் பார்க்கவும் அஞ்சிய கார், பத்தாண்டு கழிந்தபின் எட்டும் விலைக்கு இறங்கி வருகிறது. ஏமாற்றம் பிறக்கும் இடம் இதுவே. வயது ஏற ஏற இறங்குவது வண்டியின் விலை மட்டுமே. உதிரிச் சாமான்களின் விலை அவ்வாறு இறங்குவதில்லை. இரட்டைக் கிளட்சுடைய அதன் கியர்ப் பெட்டி பழுதுற்றால், தெருமுனைப் பட்டறையில் தீராது. ஆடி டி.டி.யின் உற்பத்தியே 2023-இல் நின்றுவிட்டது. தாழ்ந்து ஓடும் அதன் அடிப்பாகத்தை நம் ஊர் வேகத்தடைகளும் விட்டுவைப்பதில்லை. யானை மலிவாகக் கிடைக்கலாம். அதன் தீனி மலிவாகக் கிடைக்குமா?

பிக்கப்பின் அமைப்பு எளியது. ஏணி போன்ற இரும்புச் சட்டம். பின்புறம் அடுக்கடுக்கான ஸ்பிரிங் பட்டைகள். நெடுஞ்சாலை ஊர்களில் இதனைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் எளிதில் கிடைப்பர். ஆயினும் இதற்கும் ஒரு பூர்வ கதை உண்டு. முன்னிருந்தவர் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றினாரா? மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, சட்டத்தில் பற்றவைத்த தழும்பு உண்டா, பட்டைகள் தளர்ந்து தட்டையாகிவிட்டனவா, டயர் ஒருபக்கமாகத் தேய்ந்துள்ளதா என்று ஆராய வேண்டும். காரைப் பொறுத்தவரை, குறைவாக ஓடியது என்பது மட்டும் நற்சான்று ஆகாது. நெடுநாள் நின்றே கிடந்த வண்டியில் ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடித்திருக்கலாம்.

இனிச் சட்டம். தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். சரக்கு வண்டியோ 8 ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். கார் உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரை மொத்த எடையுள்ள சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. மாவு வியாபாரிக்கு இது நற்செய்தி.

டில்லியிலோ வண்டியின் வயதும் ஒரு வழக்கு. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எதிரான தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதன்பின் 2025-இல் ஆணைகள் மாறின. ஆகவே வாங்கும் நாளில் நிலவும் விதியைக் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். ஊர் திரும்பும் எண்ணமுடையோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்க: 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால், பழைய அலுவலகத்தின் தடையில்லாச் சான்றுடன் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும்.

அழகிய காருக்கு ஆசைப்படுவது குற்றமன்று. விலைக்கு ஒரு பணப்பையும், பழுதுக்கு மற்றொரு பணப்பையும் வைத்திருப்பவர் அதனை வாங்கி மகிழட்டும். ஒரே பை உடையவர்க்கு, விடியற்காலையில் மாவுப் பாத்திரங்களைச் சுமந்து சென்று தன் செலவைத் தானே ஈட்டும் வண்டியே ஏற்றது. மகனுக்கும் அதனை ஓட்டக் கற்றுக்கொடுக்கலாம்.