சுவருக்குள் இருக்கும் குழாய்

(தெம்பனிஸ் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். முன்பு இவ்வட்டாரத்திலும் ரப்பர் தோட்டங்கள் இருந்தன. இன்று அடுக்குமாடிகள் நிற்கின்றன. லயமானாலும் மாடியானாலும் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டும். அந்தக் குழாயைப் பற்றியே பேச வந்தேன்.

அமெரிக்காவில் 1978 முதல் 1995 வரை பாலிபியூட்டிலின் என்னும் பிளாஸ்டிக் குழாயை இலட்சக்கணக்கான வீடுகளில் பொருத்தினார்கள். விலை மலிவு, வேலை சுலபம், துருப்பிடிக்காது என்றார்கள். நடந்தது என்ன? தண்ணீரைச் சுத்தம் செய்யப் போடும் குளோரின், குழாயையும் அதன் பிளாஸ்டிக் இணைப்புகளையும் உள்ளிருந்தே கெடுத்தது. வெளியே பார்த்தால் நல்ல குழாய். உள்ளே மயிரிழை வெடிப்புகள். திடீரென்று ஒருநாள் உடைந்து வீடெல்லாம் வெள்ளம்! ஒட்டுப்போட்டுப் பயனில்லை, முழுவதையும் மாற்றவேண்டியதாயிற்று.

தனியொரு வீட்டுக்காரர் பெரிய கம்பெனியை எதிர்த்து என்ன செய்ய முடியும்? வீட்டுக்காரர்கள் சேர்ந்து வழக்காடினார்கள். 1995-ல் கம்பெனிகள் 95 கோடி டாலர் நிதி ஒதுக்கச் சம்மதித்தன.

இங்கேயும் பாருங்கள். அடுக்குமாடியில் கழிவுநீர்க் குழாய் மேல்மாடியிலிருந்து கீழ்வரை ஒரே தொடராக இறங்குகிறது. நடுவீட்டுக்காரர் மட்டும் தம் பங்கை மாற்றினால் போதுமா? ஆகவேதான் 2007-ல் அறிவித்த இல்ல மேம்பாட்டுத் திட்டத்துக்கு, தகுதியுள்ள குடிமக்கள் வீடுகளில் நூற்றுக்கு 75 வீடுகளாவது வாக்களித்துச் சம்மதிக்க வேண்டும் என்று விதித்தார்கள். முதலில் 1986 வரை கட்டிய வீடுகளுக்கு இருந்த திட்டத்தை, 2018-ல் 1997 வரை கட்டியவற்றுக்கும் விரித்தார்கள். பழைய கழிவுக் குழாயை மாற்றுவது அதில் அவசிய வேலை. குடிமக்களுக்கு அந்தச் செலவு அரசினுடையது.

நம் லயத்துக்கு வருவோம். தொழிலாளர் குடியிருப்புக்கு இலவசமாகக் குழாய்த் தண்ணீர் தருவது முதலாளியின் கடமை என்று மலேசியாவின் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனாலும் எங்கள் லயத்துக் குழாய் மூன்று முறை உடைந்தது. மூன்று முறையும் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினோம். ஒருவர் போய்ச் சொன்னபோது, "பார்க்கலாம்" என்றார்கள். லயமே கையெழுத்திட்ட மனு போனபிறகுதான் புதுக்குழாய் வந்தது. அந்த மனுவை எழுதியவன் நான். அதற்குப் பலம் தந்தவை பெருவிரல் ரேகைகள்.

தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் குழாய் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் கண்டால் பக்கத்து வீட்டைக் கேளுங்கள். அங்கும் ஈரமென்றால் அது உங்கள் வீட்டுக் குறையல்ல, எல்லோருடைய குறை. உடையும்வரை காத்திராமல், சேர்ந்து கேளுங்கள்.