முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம்

இலக்கியக் கூட்டத்தில் ஃபிளாஷைப் பற்றிப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலம். வெயிலடித்த பனியின் முன்னால் நிறுத்திப் படமெடுத்தேன். "இதில என்ர முகம் எங்க தம்பி?" என்றார். சூரியன் அவருக்கு முதுகுப்புறம். கமெராவோ பனியின் வெண்மையை அளந்து எல்லாவற்றையும் இருட்டாக்கியிருந்தது. அம்மாவின் கறுத்த முகம் கரியாகிவிட்டது.

அடுத்ததாக, கமெராவின் தலையிலிருந்த ஃபிளாஷை முழுப் பவரில் அடித்தேன். முகம் வந்தது, துலக்கிய தட்டுப்போல. சுருக்கம் ஒன்றுகூட இல்லை. கண்களில் திடுக்கீடு.

அந்தத் திடுக்கீட்டை ஜேக்கப் ரீஸின் படங்களில் பார்த்திருக்கிறேன். 1880களின் கடைசியில் நியூயோர்க் ஏழைகளின் இருட்டறைகளில் மக்னீசியத் தூளைக் கொளுத்திப் படமெடுத்தவர். அந்த வறுமையை ஊருக்குக் காட்டியவை அவை. ஆனாலும் தூக்கத்தில் எழுப்பப்பட்ட அந்தக் கண்களை என்னால் நெடுநேரம் பார்க்க முடிவதில்லை.

பிறகு ஃபிளாஷைக் கழற்றி மகளிடம் கொடுத்தேன். அம்மாவின் இடப்பக்கம், முகத்துக்குச் சற்று மேலே, வெள்ளைக் குடைக்கூடாக. ஷட்டர் 1/200, அதைத் தாண்டினால் என் கமெராவில் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும். வெளிச்சம் இன்னும் கூடத்தான். "ஓரடி பின்னுக்குப் போ" என்றேன். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்று. வெயிலைவிட ஒரு ஸ்டொப் குறைந்தபோது நெற்றிக்கோடுகள் திரும்பி வந்தன, மூக்குத்தியும்.

"கை விறைக்குது அப்பா" என்றாள் மகள்.

அம்மா படத்தை வாங்கிப் பார்த்தார். "இதைப் பருத்தித்துறைக்கு அனுப்பு. அக்கா பாக்கட்டும்."