வேனில் மலரும் நம் வழிபாடும்

(தூத்துக்குடி அருள்மிகு பாகம்பிரியாள் உடனுறை சங்கரராமேசுவரர் திருக்கோயில் சித்திரைப் பெருந்திருவிழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பூசை என்னும் சொல்லே 'பூச்செய்' என்பதன் திரிபு என்று கூறுவாரும் உளர். அச்சொல்லாராய்ச்சி நிற்க. இச்சித்திரை வெயிலில், உப்புக்காற்று வீசும் இக்கரையில், பெருமானுக்கு எம்மலரைத் தேர்ந்து கொடுப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எடுத்ததற்குக் காரணம் உண்டு. உப்பளத்து வேலைக்குச் செல்லும் மூதாட்டியார் ஒருவர் நேற்று மாலை நம்மிடம் வந்து, "அய்யா, தேருக்கு ஒரு முழம் பூ வாங்கக்கூடக் கையில் காசு இல்லை. போகிற வழியெல்லாம் எருக்குத்தான் பூத்து நிற்கிறது. அது ஆகாத பூ என்கிறார்களே, கொண்டு வரலாமா?" என்று வினவினார். சித்திரை வைகாசியில் மல்லிகை மிகுதியாகப் பூக்கும் என்பது உண்மையே. ஆயினும் முகூர்த்த நாளும் திருவிழாவும் சேர்ந்துவிட்டால் அதன் விலை எங்கே போய் நிற்கும் என்பதைத் தாய்மார்கள் நம்மினும் நன்கு அறிவர்.

மக்களுக்குக் குணம் இருப்பதுபோல மலர்க்கும் குணம் உண்டு. முதற்கண் கொன்றையைப் பாருங்கள். சங்கப் புலவர்கள் அதனைக் கார்காலத்து மலராகப் பாடினர். நாம் காண்பதோ இவ்வேனிலில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு அது பொன்னாய்ப் பூத்து நிற்கும் கோலம். உள்ளதை எல்லாம் துறந்த பின்னரே பொன் பூக்கிறது. பூத்த பின்னும் நிமிராமல் சரஞ்சரமாகத் தலை தாழ்ந்து தொங்குகிறது. அதன் வளைந்த கேசரங்களில் ஓங்கார வடிவைக் கண்டனர் பெரியோர். பெருமான் விரும்பி அணியும் மலர் அதுவே என்பதில் வியப்பென்ன?

அடுத்து, நம் நெய்தல் நிலத்துப் புன்னை. இந்நகரில் முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு ஓய்ந்தது. ஆயின் புன்னை அரும்பில் இன்றும் முத்தைக் காணலாம். உப்புக்காற்றிலே நின்றும் வெள்ளிதழும் பொன்தாதுமாக மணம் வீசும் மரம் அது. துன்பச் சூழலிலும் குணம் கெடாத இல்லறத்தாரை அதற்கு ஒப்பிடலாம். திருமயிலைக் கபாலீச்சரத்தில் அதுவே தலமரம்.

தாழையோ இதற்கு மாறானது. நிறம் உண்டு, மணம் உண்டு. அடிமுடி தேடிய வரலாற்றில் பிரமனுக்காகப் பொய்ச்சான்று கூறியதனால் சிவபூசைக்கு விலக்காயிற்று. மணம் மிகுந்தோர் எல்லாம் மெய்யர் அல்லர் என்க. எனினும் இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவுத்தரகோசமங்கையில் தாழம்பூவையும் சாத்துகின்றனர். தவறியவர்க்கும் ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறார் பெருமான்.

நாகலிங்கப் பூவைப் பற்றியும் ஒரு சொல். அம்மரத்தின் தாயகம் தென்னமெரிக்கா. நம் பழைய நூல்களின் மலர்வரிசையில் அது இல்லை. கடல் கடந்து வந்த மரத்தின் பூவிலே படமெடுத்த நாகத்தையும் இலிங்கத்தையும் கண்டு நம்மவர் கோயிலுக்குள் ஏற்றுக்கொண்டனர். துறைமுக நகரத்தார்க்கு இதனை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி எருக்கு. புறப்பூசைக்குரிய எட்டு மலர்களை எண்ணிக் கேளுங்கள்: புன்னை, வெள்ளெருக்கு, சண்பகம், நந்தியாவட்டை, நீலோற்பலம், பாதிரி, அலரி, செந்தாமரை. திருமகள் வீற்றிருக்கும் செந்தாமரை எந்த வரிசையில் உள்ளதோ அந்த வரிசையிலேதான் வெள்ளெருக்கும் உள்ளது. பாழ்மனையில் முளைப்பதனால் மக்கள் அதனை வெறுத்தனர். 'உன் வீட்டில் எருக்கு முளைக்க' என்று வசையும் வைத்தனர். நீர் ஊற்றுவார் இல்லை, வேலியிடுவார் இல்லை. அனல்காற்றில் அதுவும் பூத்து நிற்கிறது. அதன் பால் நஞ்சு. பறிப்போர் கண்ணில் படாமல் காத்தல் வேண்டும். ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கியவர்க்கு இந்த நஞ்சு ஒரு பொருட்டோ? புல்லிய எருக்காயினும் கடவுளர் வேண்டா என்னார் என்னும் கருத்தைப் பாரியைப் பாடுமிடத்துக் கபிலர் புறநானூற்றில் வைத்துள்ளார். சாக்கிய நாயனார் எறிந்த கல்லையே மலராகக் கொண்ட பெருமான், அம்மூதாட்டியார் கொணரும் எருக்கையா தள்ளுவார்? "அம்மா, தாராளமாகக் கொண்டு வாருங்கள்" என்றே விடை கூறினோம்.

ஆகாத பூ எது என்றால், புழுக்கடித்தது, தரையில் உதிர்ந்தது, மூக்கில் வைத்து முகர்ந்தது ஆகியவையே. திருவாரூரில் பூமண்டபத்துப் பக்கம் கிடந்த மலரை எடுத்து மோந்தவர் பல்லவன் பட்டத்தரசி என்றும் பாராமல் மூக்கை அரிந்தார் செருத்துணை நாயனார். அடுத்த வீட்டு வேலிக்குள் கைவிட்டுப் பறித்த செம்பருத்தியும் ஆகாததே. விடியற்காலத்தில் அதற்கென்றே உலாவும் அன்பர் சிலரை நாம் அறிவோம். பெயர் சொல்லப் போவதில்லை.

அகப்பூசைக்கும் எட்டு மலர் உண்டு: கொல்லாமை, ஐம்பொறி அடக்கல், பொறுமை, அருள், அறிவு, வாய்மை, தவம், அன்பு. இவற்றுக்கு வேனில் என்றும் கார் என்றும் பருவமில்லை. சந்தையில் விலையும் இல்லை. ஆயினும் இவற்றைச் சொல்லிவிட்டுக் கையில் பூவின்றி வெறுங்கையோடு வருவதை நாம் ஒப்புவதில்லை. பறிக்கும் கையும் தொடுக்கும் விரலும் பழகப் பழகவே உள்ளமும் பழகும். புகலூர் முருக நாயனார் நாள்தோறும் விடியுமுன் நீராடிக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என நால்வகையும் கொய்து மாலை தொடுத்தாரே அன்றி, மனப்பூவே போதும் என்று இருந்துவிடவில்லை.

கருவூரில் சிவகாமியாண்டார் கொணர்ந்த பூக்கூடையை யானை பறித்துச் சிந்தியதும், அதன்பொருட்டு எறிபத்தர் மழு ஏந்தியதும், புகழ்ச்சோழர் தம் வாளையே நீட்டி நின்றதும் பெரிய வரலாறு. அதனை நாளை மாலை தீபாராதனைக்குப் பின் விரித்துரைப்போம்.

திருச்சிற்றம்பலம்.