போட்டிக்கு இருவர் வேண்டும்

(கிராஅத் மற்றும் பேச்சுப் போட்டிகளின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கிராஅத் போட்டியின் முடிவை அறிவித்தபோது பின்வரிசையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. போட்டி என்றால் மனம் கொஞ்சம் கொதிக்கத்தான் செய்யும். கொதிக்கவே இல்லையென்றால் அந்தப் பிள்ளை போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை என்றுதான் பொருள். விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'போட்டியும் ஒத்துழைப்பும்'. இந்தத் தலைப்பில் அறிவுரை சொல்வது எளிது. ஆனால் அறிவுரை கேட்டுக் கேட்டு உங்கள் காது புளித்துப் போயிருக்கும். ஆகவே அடுத்தடுத்த வீடுகளைப் போல இருக்கும் இரண்டு நாடுகளின் கதையைச் சொல்கிறேன். ஒன்று மலேசியா, மற்றொன்று இந்தோனேசியா. நம் பாட்டனார்கள் சபராளிகளாகக் கப்பலேறிப் போன சீமை அது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருந்த குடும்பத்தார் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

1961-ஆம் ஆண்டு. மலாயா சுதந்திரம் அடைந்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் முன்னின்று, கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் சர்வதேசக் குர்ஆன் ஓதும் போட்டியைத் தொடங்கி வைத்தார். இன்றுவரை தொடரும் போட்டி அது. முஸாபகா என்று சொல்கிறோமே, அந்த அரபுச் சொல்லுக்கு ஒருவரை ஒருவர் முந்துதல் என்று பொருள். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பிரிவில் ஓதுவார்கள். தஜ்வீதுக்கு ஒரு மதிப்பெண், ராகத்திற்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, தெளிவான உச்சரிப்புக்கு ஒன்று. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ஒரு நாட்டுக்காரர் ஓத, வேறொரு நாட்டுக்காரர் மதிப்பெண் போடுகிறார். ஓதுகிறவர் அதை ஏற்றுக்கொள்கிறார். ஏன்? தஜ்வீதின் சட்டம் அவருடைய நாட்டுக்கும் சொந்தமில்லை, இவருடைய நாட்டுக்கும் சொந்தமில்லை. இருவரும் மேடை ஏறுவதற்கு முன்பே அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டுவிட்டார்கள். அதனால்தான் ஒருவர் ஜெயிப்பதும் மற்றவர் தோற்பதும் நடக்க முடிகிறது. ஒத்துழைப்பு என்பது போட்டி முடிந்தபின் கைகுலுக்குவது என்றுதான் நாம் நினைக்கிறோம். இல்லை சகோதரர்களே, போட்டி தொடங்கும் முன்பே அது நடந்து முடிந்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டே ஆண்டுகள் தள்ளி வாருங்கள். 1963 செப்டம்பர் 16. மலாயா, சிங்கப்பூர், சபா, சரவாக் சேர்ந்து மலேசியா பிறந்தது. இந்தோனேசிய அதிபர் சுகர்னோ அதை ஏற்கவில்லை. 'மலேசியாவை நொறுக்குவோம்' என்பது அன்று ஜகார்த்தா வீதிகளின் கோஷம். இந்தோனேசியா அந்த மாதமே மலேசியாவுடன் வணிக உறவை முறித்துக்கொண்டது. வியாபாரிகளே, இதை நீங்கள்தான் சரியாகப் புரிந்துகொள்வீர்கள். சுமத்ராவிலிருந்து ரப்பரும் மற்ற சரக்குகளும் படகேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வரும். அங்கே தரம் பிரித்துக் கப்பலேறும். அந்த வரத்து ஒரே உத்தரவில் அடைபட்டது. வாங்கி விற்கிறவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். அக்கரையில் விளைவித்தவனும் அப்படியே நின்றான். ஒரே மொழிக் குடும்பம், பெரும்பாலோருக்கு ஒரே மார்க்கம். அது எதையும் தடுக்கவில்லை!

1965 மார்ச் 10-ஆம் தேதி சிங்கப்பூரில் மெக்டொனால்ட் ஹவுஸ் என்ற கட்டிடத்தில் குண்டு வெடித்தது. மூன்று பேர் இறந்தார்கள். அன்றாட வேலைக்கு வந்தவர்கள். குண்டு வைத்த இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் இருவர் பிடிபட்டார்கள். இவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாண்டு மோதலில் யார் ஜெயித்தார்கள்? ஒருவரும் இல்லை. இந்தோனேசியாவில் ஆட்சி கை மாறியது. 1966 ஆகஸ்ட் 11-இல் ஆதம் மாலிக்கும் துன் அப்துல் ரசாக்கும் ஜகார்த்தாவில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தாய்லாந்தின் பாங் சேன் என்ற கடற்கரை ஊரில் ஐந்து நாட்டு அமைச்சர்கள் கூடினார்கள். இந்தோனேசியா, மலேசியா, பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து. கோட்டும் டையும் இல்லை. விளையாட்டுச் சட்டை போட்டுக்கொண்டு கோல்ஃப் ஆடினார்கள், ஆட்டத்துக்கு நடுவே பேசினார்கள். 1967 ஆகஸ்ட் 8-இல் பாங்காக்கில் ஆசியான் பிறந்தது. அதில் சிங்கப்பூருக்காகக் கையெழுத்திட்ட எஸ்.ராஜரத்தினம் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்த தமிழர்.

'அப்புறம் எல்லோரும் சகோதரர்களாகிவிட்டார்கள்' என்று நான் முடித்துவிட்டால் நீங்கள் கைதட்டுவீர்கள். ஆனால் அப்படி நடக்கவில்லை. சபா யாருக்கு என்ற தகராறில் 1968-லேயே மலேசியாவும் பிலிப்பைன்ஸும் தூதரக உறவை முறித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு டிசம்பரில் கேமரன் மலையில் ஆசியான் அமைச்சர்கள் கூடியபோதுதான் அது ஒட்டியது. அதே 1968 அக்டோபரில் சிங்கப்பூர் அந்த இரண்டு கடற்படை வீரர்களையும் தூக்கிலிட்டது. அதிபர் சுகார்த்தோவே கேட்டும் தண்டனையைக் குறைக்கவில்லை. ஜகார்த்தாவில் கூட்டம் சிங்கப்பூர்த் தூதரகத்துக்குள் புகுந்து சூறையாடியது. அவர்கள் இந்தோனேசியாவின் தியாகிகள் மயானத்தில் அடக்கப்பட்டார்கள். ஐந்து ஆண்டு கழித்து, 1973-இல், சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூ ஜகார்த்தா வந்தார். வந்தவர் அந்த மயானத்துக்குப் போய், தாமே தூக்கிலிட ஒப்பியவர்களின் கப்றுகளில் மலர் தூவினார்.

சிந்தித்துப் பாருங்கள். தீர்ப்பு தவறு என்று அவர் சொல்லவில்லை. குண்டுக்குப் பலியான தம் மக்களை மறந்துவிட்டதாகவும் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரன் தியாகி என்று கருதுகிறவனை அவன் வீட்டில் நின்று அவமதிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்காகப் புண் முழுதும் ஆறிவிட்டது என்றும் எண்ணாதீர்கள். 2014-இல் இந்தோனேசியா ஒரு போர்க்கப்பலுக்கு அந்த இருவரின் பெயரைச் சூட்டியபோது சிங்கப்பூர் கடுமையாக ஆட்சேபித்தது. நாற்பத்தாறு ஆண்டு கழித்தும்! இருந்தும் 1963-ஐப் போல வணிகம் அடைபடவில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் நான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

வியாபாரிகளுக்காகப் பாமாயில் கதையையும் சொல்லிவிடுகிறேன். நம் ரேஷன் கடைப் பாமாயில் பெரும்பாலும் அந்த இரண்டு நாடுகளின் சரக்குதான். உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அவர்களுடையது. முன்பு மலேசியா முதலிடம். 2000-களில் இந்தோனேசியா அதைத் தாண்டிப் போய்விட்டது. கடும் போட்டியாளர்கள். ஆனாலும் 2015 நவம்பரில் இருவரும் சேர்ந்து பாமாயில் உற்பத்தி நாடுகள் சபை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காடழிப்பைக் காரணம் காட்டி ஐரோப்பா கெடுபிடி செய்தபோது, 2023-இல் ஒரே தூதுக்குழுவாகப் பிரஸ்ஸல்ஸ் போனார்கள். (காடழிப்புக் குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) சரி, சபை வைத்ததால் எல்லாம் ஒழுங்காயிற்றா? 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா தன் உள்நாட்டு விலையைக் காக்க ஏற்றுமதியைத் திடீரென்று நிறுத்தியது. மே 23 அன்றுதான் திறந்தது. சபை அதைத் தடுக்கவில்லை.

நம் கடைத்தெருவைப் பாருங்கள். எதிரெதிர்க் கடைக்காரர்கள் விலையில் போட்டி போடட்டும், வாங்க வருகிறவருக்கு நல்லது. ஆனால் ஒரு கடையில் கடன் வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்ப் புதுக் கணக்குத் தொடங்குகிறவனைப் பற்றி, அந்த இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்வது கிடையாது. 'அவனும் ஏமாறட்டுமே' என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்! இது போட்டியா? அதே கடைக்காரர்கள் சரக்கைப் பதுக்கி விலையை ஏற்ற வேண்டுமென்றால் மட்டும் ஒன்றுகூடிவிடுவார்கள். அதற்கு ஒத்துழைப்பு என்று பெயர் வைக்காதீர்கள். பதுக்கலை மார்க்கம் தடுத்திருக்கிறது.

சமுதாய அமைப்புகளுக்கும் இதே நோய்தான். ஒரே ஊரில், ஒரே இரவில் இரண்டு பொதுக்கூட்டம். ஒலிபெருக்கிகள் ஒன்றையொன்று பார்த்துக் கத்துகின்றன. நடுவில் குடியிருக்கும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு இருவருமே தொல்லை. யார் மேடையில் ஆள் அதிகம் என்று மறுநாள் எண்ணுகிறோமே தவிர, இரண்டு மேடையிலும் கேட்ட கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களை யார் நிரப்பிக் கொடுத்தது என்று எண்ணுவதில்லை.

மீண்டும் மேடைக்கு வருகிறேன். 1980-இல் கோலாலம்பூர்ப் போட்டியில் இந்தோனேசியாவின் மரியா உல்ஃபா என்ற சகோதரி முதலிடம் பெற்றார். உலகறிந்த காரியாவாகப் பிறகு விளங்கியவர். மோதல் ஓய்ந்து பதினான்கே ஆண்டு. மலேசிய மண்ணில் இந்தோனேசியப் பெண்மணிக்கு வெற்றி!

ஆனால் கலை என்று வரும்போது இவர்கள் சிறு பிள்ளைகளைப் போலவும் சண்டை போட்டிருக்கிறார்கள். 2009-இல் மலேசியா பற்றிய ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தில் பாலித் தீவின் பெண்டெட் நடனம் காட்டப்பட்டுவிட்டது. 'எங்கள் நடனத்தைத் திருடிவிட்டார்கள்' என்று ஜகார்த்தாவில் ஆர்ப்பாட்டம் எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இந்தோனேசியாவின் பாத்திக் துணிக்கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தபோது, அங்கே அது போரில் ஜெயித்தது போலக் கொண்டாடப்பட்டது.

பிறகு பந்துன் வந்தது. பந்துன் என்பது மலாய் மக்களின் நாலடிப் பாட்டு. கல்யாண வீட்டில் பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஒருவருக்கொருவர் பந்துனில் பதில் சொல்வார்கள். நம் கிராமத்து எசப்பாட்டுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். எதிர்ப்பாட்டுப் பாட ஆளில்லையென்றால் எசப்பாட்டு ஏது? பந்துன் எங்களுடையது, உங்களுடையது என்று வழக்காடாமல் இரண்டு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பித்தன. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இருவர் பெயரிலும் அதை ஏற்றது. 2024-இல் கெபாயா உடைக்கு ஐந்து நாடுகள் சேர்ந்தே விண்ணப்பித்து வாங்கின: புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து.

கடைசியாக ஒரு கசப்பான செய்தி. 2015 மே மாதம். ரோஹிங்யா முஸ்லிம்களையும் வங்கதேசத்து ஏழைகளையும் ஏற்றிய படகுகளை, கடத்தல்காரர்கள் அந்தமான் கடலில் கைவிட்டு ஓடிவிட்டார்கள். தண்ணீர் இல்லை, உணவு இல்லை. ஒரு நாட்டின் கடற்படை அடுத்த நாட்டின் பக்கம் தள்ளியது, அது மறுபடி இந்தப் பக்கம் தள்ளியது. யார் முதலில் தள்ளிவிடுவது என்பதில் போட்டி! எல்லோரும் ஆசியான் உறுப்பினர்கள். எந்த நாட்டிலிருந்து இந்த மக்கள் விரட்டப்பட்டார்களோ அந்த மியன்மாரும் 1997 முதல் உறுப்பினர். ஒருவர் வீட்டு விவகாரத்தில் மற்றவர் தலையிடுவதில்லை என்பது அந்த அமைப்பின் விதி. அந்த விதி வணிகத்துக்கு உதவியது. இந்த மக்களுக்கு உதவவில்லை. கூடி நிற்பது வேறு, கூடி மௌனம் காப்பது வேறு என்பதை ஆசியானைப் போற்றுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் கடலுக்குப் போனவர்கள் ஆச்சே பகுதி மீனவர்கள். கரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று இராணுவம் சொல்லியும் கேட்கவில்லை. நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிப் படகில் ஏற்றி லங்சா துறைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகுதான், மே 20 அன்று, மலேசியாவும் இந்தோனேசியாவும் ஓராண்டுக்குத் தற்காலிக இடம் தர ஒப்புக்கொண்டன.

அந்த மீனவர்கள் ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தாம். ஒரே கடல், ஒரே மீன். ஆனால் அங்கே பங்லிமா லாவ்த் என்ற கடல் தலைவர்கள் காக்கும் வழக்காறு ஒன்று உண்டு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் யாரும் வலை வீசுவதில்லை. கடலில் தவிக்கிறவர் யாராக இருந்தாலும், வேலையை விட்டுவிட்டுக் காப்பாற்ற வேண்டும். மீனுக்குப் போட்டி போடுகிறவர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட சட்டம் இது.

எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பரில், அதே ஆச்சேயின் தலைநகரில் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழக மாணவர்கள் 137 ரோஹிங்யா அகதிகள் தங்கியிருந்த மண்டபத்துக்குள் புகுந்தார்கள். பெண்களும் குழந்தைகளும் அழ அழ, இவர்களை நாடு கடத்து என்று கூச்சலிட்டு லாரிகளில் ஏற்றினார்கள். மாணவத் தம்பிகளே, அவர்களும் உங்கள் வயதுப் பிள்ளைகள்தாம். மீனவரும் அதே மண்ணில் பிறந்தவர், மாணவரும் அதே மண்ணில் பிறந்தவர்.