பெட்டியோட எடை போடுவாங்களா?

(காரைக்கால், தருமபுரத்தில் நடந்த பட்டிமன்றம். தலைப்பு: ‘நினைவுத் தங்க நாணயம் வாங்குவது குடும்பத்துக்குச் சேமிப்பா? செலவா?’ ‘செலவே’ என்ற அணியில் பேசியது.)

நடுவர் அவர்களே, எதிரணியில் எடுப்பாகப் பேசிவிட்டு இப்போது தண்ணி குடிச்சிட்டிருக்கிற தம்பி அவர்களே!

முதல்ல ஊர்ப் பேரைச் சரியாச் சொல்லிடணும். தருமபுரம்னதும் டி.வி. பாக்கிறவங்க மயிலாடுதுறைல ஆதீனம் இருக்கிற ஊருன்னு நினைச்சுக்குவாங்க. அது வேற. இது காரைக்கால் தருமபுரம். யாழ்மூரிநாதர் கோயில் கொண்ட தருமபுரம். (கைதட்டல்)

தம்பி என்ன சொன்னாரு? “இது சாதாரணத் தங்கக் காசு இல்லீங்க, புரூஃப் காசு. உலகத்துலயே இத்தனை செட்டுதான் அடிச்சிருக்காங்க. 70க்கு 70 மார்க் வாங்கின காசு. வாங்கி வச்சா பேரன் காலத்துல கோடீஸ்வரன்”னாரு. கேக்கறப்ப எனக்கே கைப்பையைத் திறக்கலாமான்னு தோணுச்சு. (சிரிப்பு)

அழகுன்னு அவர் சொன்னதை நான் மறுக்கவே இல்லை. புரூஃப் காசு அழகுதான். அச்சையும் பாலிஷ் போடுறாங்க, அடிக்கப் போற தங்க வில்லையையும் பாலிஷ் போடுறாங்க. ஒரே அடியில விட்டுடாம, ஒரு தடவைக்கு மேல அடிக்கிறாங்க. அதனாலதான் தரை கண்ணாடியாட்டம் மின்னுது, உருவம் மட்டும் பனி படிஞ்ச மாதிரி நிக்குது. அது வேலைப்பாடு. வணங்குறேன்.

அந்த மார்க் விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவுல ஷெல்டன்னு ஒருத்தர் 1949ல காசுக்கு 1லேர்ந்து 70 வரைக்கும் மார்க் போடுற வழக்கத்தைக் கொண்டு வந்தாரு. 1980களில் அதையே தொழிலா நடத்துற கம்பெனிகள் வந்துச்சு. காசைப் பாத்து, மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள்ள வச்சு சீல் பண்ணிடுவாங்க. 70ன்னா, 5 மடங்கு பெரிசாக் காட்டுற லென்சுல பாத்தாலும் ஒரு குறை தெரியக் கூடாது. 69க்கும் 70க்கும் உள்ள வித்தியாசம் வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனா விலையில நல்லாத் தெரியும்!

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுங்க. உள்ள இருக்கிற தங்கம் 100 ரூபாய். பெட்டி, சீல், சர்ட்டிபிகேட்டு எல்லாம் சேத்து 130ன்னு கொடுக்கிறாங்க. அதுக்கு மேல 3 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக, 133 ரூபாய் 90 காசு. நகைக்கடையில திருப்பிக் கொடுத்தா தங்கத்துக்குத்தான் காசு. அப்ப தங்கம் விலை மூணுல ஒரு பங்கு ஏறினாத்தான் நான் போட்டது எனக்குத் திரும்பும். அதுக்குப் பேரு லாபம் இல்லீங்க. நஷ்டத்துலேர்ந்து தரைக்கு வர்றது. (கைதட்டல்)

எங்க தெருவுல ஒரு அம்மா. வீட்டுக்காரர் ஆசையா ஒரு செட்டு வாங்கி பீரோவுல வச்சிருந்தாரு. அவர் போயிட்டாரு. பொண்ணுக்கு காலேஜ் பீஸ் கட்டணும். அந்த அம்மா பெட்டியை மஞ்சப் பையில போட்டுக்கிட்டு நகைக்கடைக்குப் போனாங்க, துணைக்கு நானும் போனேன். கடைக்காரர் நல்ல மனுஷன். மரப்பெட்டியை ஓரமா வச்சாரு. வெல்வெட்டை எடுத்தாரு. சர்ட்டிபிகேட்டைப் படிச்சுட்டு மடிச்சுக் கொடுத்தாரு. காசை மட்டும் தராசுல வச்சாரு. “பெட்டியை நீங்களே வச்சுக்குங்கம்மா, நகை வைக்க ஆகும்”னாரு. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க பாருங்க. பெட்டிக்குக் கொடுத்த பணம் அவங்க வீட்டுக்காரர் பல மாசம் மிச்சம் பிடிச்ச பணம்.

விக்க வேணாம், அடகு வைக்கலாமேம்பாரு தம்பி. நம்ம பக்கத்துல தங்கம் எதுக்கு? நடவுக்கு, உரத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. கழுத்துல கிடந்தா காலையில கழட்டி வச்சு மத்தியானம் பணத்தோட வரலாம். காசை எடுத்துக்கிட்டு வங்கிக்குப் போனா, நாணயத்து மேல கொடுக்கிற கடனுக்கு ரிசர்வ் வங்கி 50 கிராம்னு உச்சவரம்பு வச்சிருக்கு. அது போகட்டும். மதிப்பீட்டாளர் உரைச்சுப் பாக்கணும்பாரு. உரைக்கணும்னா சீலை உடைக்கணும். சீலை உடைச்சா 70 மார்க் போச்சு. உடைக்காட்டா கடன் போச்சு! (பலத்த சிரிப்பு)

(நடுவர்: அப்ப அதை வச்சுக்கிட்டு என்னதாம்மா செய்யறது?)

பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதாங்க ஐயா!

இந்த ஊர்ல நின்னு காசைப் பத்திப் பேசுறப்ப சம்பந்தர் ஞாபகம் வராம இருக்குமா? யாழ்ல அடங்காத பதிகத்தை அவர் பாட, திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்கப் போனது இந்த ஊர்லதான். அது உங்களுக்குத் தெரிஞ்ச கதை. அதே சம்பந்தர் திருவீழிமிழலையில இருந்தப்ப நடந்ததைச் சொல்றேன். இங்கேர்ந்து மேற்கே, பூந்தோட்டத்துப் பக்கம். ஊர்ல பஞ்சம். அடியாருக்குச் சோறு போட சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் தினம் ஒவ்வொரு பொற்காசு படியில வைக்கிறாரு. அப்பர் காசைக் கடைக்காரர் அப்படியே வாங்கிக்கிறாரு. சம்பந்தர் காசுக்கு மட்டும் “வாசி உண்டு”ங்கிறாரு. வாசின்னா கழிவு. அதனால சம்பந்தர் மடத்துல மட்டும் சோறு ஆக நேரமாகுது. காரணம், அப்பர் உடம்பை வளைச்சுக் கைத்தொண்டு செஞ்சவர். அப்புறம் வாசி தீரணும்னு சம்பந்தர் பதிகம் பாடி நல்ல காசு வாங்கினாருன்னு பெரியபுராணம் சொல்லுது.

நடுவர் அவர்களே, அந்தக் காசைக் கொடுத்தது யாரு? சாட்சாத் பரமசிவன்! அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட்டு எந்தக் கம்பெனி கொடுக்கும்? அவன் காசுக்கே நம்ம ஊர்க் கடைக்காரன் கழிவு கேட்டிருக்கான். பிளாஸ்டிக் பெட்டிக்கு விட்டுடுவானா? (பலத்த கைதட்டல்)

“குறைவா அடிச்சிருக்காங்க, அதனால விலை ஏறும்”னாரு. குறைவா இருக்கிறது வேற, நாலு பேர் தேடுறது வேற. இந்த வருஷம் ஒரு செட்டு வெளியிடுறவன் அடுத்த வருஷம் இன்னொரு செட்டு வெளியிடுவான், அதுவும் ‘குறைந்த எண்ணிக்கை’தான். நாம சொல்ற சவரன் எங்கேர்ந்து வந்தது? இங்கிலாந்துக் காசு. 22 காரட், எடை 7.988 கிராம். அதைத்தான் நாம 8 கிராம்னு வச்சுக்கிட்டோம். முதல் உலகப் போர் சமயத்துல, 1918ல, பம்பாயிலயே அதை அடிச்சாங்க. ஏறத்தாழ 13 லட்சம் காசு. அது எந்த வெல்வெட்டுப் பெட்டியிலும் வரலை. கைக்குக் கை மாறுற காசு. இன்னைக்கும் அந்த 1918 பம்பாய்க் காசைச் சேகரிக்கிறவங்க தேடுறாங்க.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர் இது, உங்களுக்கு நெப்போலியன் காசு தெரிஞ்சிருக்கும். 20 பிராங்க், 6.45 கிராம். அதுக்கும் பாரீசுல தங்க விலைக்கு மேல கொஞ்சம் கூடுதல் கிடைக்கும், நாட்டுல பயம் வந்தா ஏறும், போனா இறங்கும். ஆனா அதை வாங்க அங்க நூறு கடை இருக்கு. தம்பி சொல்ற செட்டை வாங்க இன்னொரு தம்பி கிடைக்கணும்!

வாங்கவே கூடாதுன்னு சொல்ல வரலை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆயிரம் வருஷம் ஆனதுக்கு 1000 ரூபாய் நாணயம் வந்ததே, 80 சதவீதம் வெள்ளி, 35 கிராம், அதை வச்சிருக்கிற வீட்டுக்குப் போனா நானும் கேட்டு வாங்கிப் பாப்பேன். ராஜராஜனுக்குச் செய்யற மரியாதை அது. மரியாதைன்னு வாங்குங்க. பொண்ணு கல்யாணக் கணக்குல எழுதாதீங்க. அவ்வளவுதான் நான் கேக்கிறது.

வங்கிங்களும் ஒரு காலத்துல சீல் வச்ச தங்கக் காசு வித்துச்சு. வித்த வங்கி அதைத் திரும்ப வாங்காது. 2015 நவம்பர்ல அரசு அசோகச் சக்கரம் போட்ட தங்க நாணயத்தைக் கொண்டு வந்தப்ப, திரும்ப வாங்கிக்கிறோம்னு சேத்துச் சொல்ல வேண்டி வந்துச்சே, ஏன்? ஜனங்க முதல்ல கேக்கிற கேள்வி அது. கடைக்குப் போறவங்க “எவ்வளவுக்குக் கொடுப்பீங்க”ன்னு கேக்கிறோம். “எவ்வளவுக்கு எடுத்துக்குவீங்க”ன்னு கேக்கிறதில்லை.

(மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டீங்க. ஒரே ஒரு கேள்வி, எதிரணியில அடுத்துப் பேசுறவங்க பதில் சொன்னாப் போதும். நாளைக்குக் காலையில அந்தச் செட்டைத் தூக்கிக்கிட்டு காரைக்கால் கடைத்தெருவுக்குப் போறோம். பெட்டியோட எடை போடுற கடை எந்தக் கடைங்க? பேரைச் சொல்லுங்க, அந்த அம்மாவையும் கூட்டிக்கிட்டு நானே வர்றேன்.