நாட்டுப்பற்றுக்கு நற்சான்று தருவது யார்?

(குமணன்சாவடியில் ஆற்றிய உரை)



குமணன் பெயர் தாங்கிய ஊரிலே நின்று பேசுகிறேன். நாட்டைப் பறித்த தம்பி, காட்டிலே வாழ்ந்த அண்ணன் தலைக்கு விலை வைத்தான். அண்ணனோ, இரந்து வந்த புலவனிடம் வாளை நீட்டி, அந்தத் தலையையே பரிசாகக் கொள்க என்றான். அரியணையில் இருந்தவன் கண்ணுக்கு அன்று குமணன்தானே குற்றவாளி!

அந்தக் கண்கொண்டுதான் நம்மையும் பார்த்தார்கள். 1962 மே திங்களில், மாநிலங்களவையிலே அண்ணா திராவிடத்துக்குத் தன்னுரிமை கேட்டார். துரோகம் என்று தூற்றினர். அதே ஆண்டு விலைவாசி எதிர்ப்புப் போராட்டம். அண்ணாவுக்கு வேலூர்ச் சிறை. அக்டோபரில் சீனப் படை எல்லை கடந்தது. வெளியே வந்த அண்ணா பழி தீர்க்கவா புறப்பட்டார்? பிரிவினைக் கிளர்ச்சியை நிறுத்தி வைத்தார். போர் முயற்சிக்குத் தோள் கொடுங்கள் என்றார்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு, 1963-இல் வந்த 16-ஆவது அரசியல் சட்டத் திருத்தம்! நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பேன் என உறுதி கூறாதவன் தேர்தலில் நிற்க முடியாது. கழகம் அவ்வாண்டே கோரிக்கையைக் கைவிட்டது. சட்டத்துக்கு அஞ்சியா, சீனப் போர் புகட்டிய பாடத்தாலா என்று இன்றும் கேட்பார் உண்டு. இரண்டும்தான் என்பது என் எண்ணம், மறைப்பானேன்?

1965 ஜனவரி 26, இந்தி ஆட்சிமொழியாகும் நாள். அதைத் துக்க நாள் என்றோம். குடியரசு நாளையா என்று கொதித்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1967-இல், மக்கள் தீர்ப்பளித்தார்கள்.

அமெரிக்காவைப் பாருங்கள். கொடிக்கு வணக்கம் செலுத்தாத பள்ளிப் பிள்ளைகளை விலக்கலாம் என்று 1940-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1943 ஜூன் 14, அவர்களுடைய கொடிநாள். உலகப் போர் உச்சத்திலே. அன்றைக்கே அந்த மன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றியது: வணங்கு என்று வற்புறுத்த அரசுக்கு உரிமை இல்லை! நம் நாட்டிலும், நாட்டுப்பண் பாடாமல் எழுந்து மட்டும் நின்ற கேரளச் சிறார் மூவரைப் பள்ளி விலக்கியது. 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

விடுதலை நாளன்று மாநிலங்களிலே ஆளுநர்தான் கொடியேற்றி வந்தார். மக்கள் தேர்ந்தெடுத்தவர் கீழே நிற்பதா எனக் கேட்டு, முதலமைச்சர்களுக்கு அவ்வுரிமையைப் பெற்றார் கலைஞர். இன்று நம்மைத் தேசவிரோதி என்பவர்களின் முதலமைச்சர்களும் அவ்வுரிமையால்தான் கொடியேற்றுகிறார்கள். இனி அந்தச் சொல்லை எவர் உங்கள் முகத்துக்கு நேரே வீசினாலும், 1974 ஆகஸ்ட் 15 காலையில், புனித ஜார்ஜ் கோட்டையிலே கொடிக்கயிற்றை இழுத்த கை யாருடையது என்று கேளுங்கள்.