மாஸ்க்கைக் கழற்றாதேங்கோ
(சாட்டியில் தோட்டத்து இளைஞர்களுக்கு நாம் ஆற்றிய பேச்சு)



மலையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பண்ணைப் பாலம் கடந்து, இந்தச் சாட்டி மணலில் குந்தியிருக்கிறீர்கள். மனம் கடலுக்குத்தான் போகும். அதற்கு முன் எங்களுக்குக் கொஞ்ச நேரம் தாருங்கோ.

லயத்தில் தீ பிடித்தால் என்ன நடக்குமெண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு காம்பிராவில் பற்றினது கூரை வழியே அடுத்த காம்பிராவுக்கு ஓடும். உள்ளே அகப்பட்ட பிள்ளையை நெருப்புக்கு முன்னமே புகை விழுத்திவிடும். புகையில் இருக்கிற காபன் மொனொக்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. ஈரச் சீலை கரியைக் கொஞ்சம் தடுக்கும், இந்த வாயுவைத் தடுக்காது. அதனால்தான் தீயணைப்பு வீரர் காற்றையே முதுகில் சுமந்துகொண்டு உள்ளே போகிறார்.

மாஸ்க் போட்டதும் புதுப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுற மாதிரி இருக்கும். கை தானாக மாஸ்க்குக்குப் போகும். நாங்களும் முதல்நாள் கழற்றி எறிந்த ஆட்கள்தான், சொல்ல வெட்கம். காற்றுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, பயம்தான்.

கணக்கைப் பாருங்கோ. 6.8 லீற்றர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் ஏறத்தாழ 2,000 லீற்றர் காற்று. நிமிடத்துக்கு 40 லீற்றர் இழுத்தால் 50 நிமிடம். பயத்தில் 80 இழுத்தால் 25 நிமிடம்தான். 55 பாரளவில் விசில் ஊதும்போது, பதறுகிற ஆளுக்கு நாலைந்து நிமிடம்தான் மிச்சம். விசில் கேட்டுத் திரும்புகிறவர் பிந்திவிட்டார். போன தூரத்தை மறுபடி நடக்க வேணுமல்லோ!

ஆகவே முதலில் நிழலில் இருந்து மாஸ்க்கோடு கதைப்போம், கடதாசி விளையாடுவோம். சிரிக்காதேங்கோ, மூச்சு ஆறுவது அப்படித்தான். பிறகு மணலில் வாளி தூக்கி நடை. கடைசியில்தான் மாஸ்க் கண்ணாடியைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டு, கயிற்றைப் பிடித்துத் தவழுவது. புறங்கையால் சுவரைத் தடவிப் போங்கோ. சோடியை விட்டுப் பிரியக் கூடாது. யார் எத்தனை பாரோடு எத்தனை மணிக்கு உள்ளே போனார் எண்டு வெளியே ஒருவர் எழுதிக்கொண்டே இருப்பார்.

வடக்குக் கடலில் சிலிண்டரோடு சங்குக்கும் அட்டைக்கும் இறங்குகிற ஆட்களைக் கேளுங்கோ. பதறினவர் காற்றைச் சீக்கிரம் முடிப்பார் எண்டு அவர்களும் சொல்வார்கள்.

சரி, சோடி சோடியாக வாங்கோ. முதல் சிலிண்டர் ஆருக்கு?